கண் விழிக்க மறுக்கும் கம்ப்யூட்டர்

"போய்விட்டது" என்று முடிவு கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

நேற்று இரவு வரை நன்றாக வேலை செய்தது. இன்று காலையில் பொத்தானை அமுக்கினால் பேச்சும் இல்லை, மூச்சும் இல்லை!

அல்லது, உள்ளே விசிறி சுற்றுகிறது. திரையில் ஒன்றும் தெரியவில்லை. அல்லது, கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வருகிறது, அதோடு நின்றுவிடுகிறது.

மேஜைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை ஒரு நாளாவது வந்தே தீரும். வீடானாலும் சரி, ஜெராக்ஸ் கடையானாலும் சரி, பள்ளிக்கூடமானாலும் சரி, யாரும் தப்ப முடியாது.

உடனே என்ன நடக்கிறது?

"கம்ப்யூட்டர் போய்விட்டது" என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடுகிறார்கள். "பார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்று அங்கே சொல்கிறார்கள். "சரி, போடுங்கள்" என்று சொல்லிவிட்டு இவர்களும் வந்துவிடுகிறார்கள்.

மாலையில் கம்ப்யூட்டர் நன்றாக வேலை செய்கிறது. ஆனால், அதற்குள் இருந்த கல்யாணப் படங்கள் எங்கே? குழந்தையின் முதல் பிறந்த நாள் படம் எங்கே? மூன்று வருடக் கடைக் கணக்கு எங்கே?

எல்லாம் போய்விட்டன!

இப்படி ஒரு நஷ்டம் தேவையே இல்லை. கண் விழிக்காத கம்ப்யூட்டர் எல்லாம் செத்துப்போன கம்ப்யூட்டர் அல்ல. அது எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், பாதி ரிப்பேர் முடிந்த மாதிரிதான்.

தன் தோளில் தானே ஏறுவது

கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்கு "பூட்" ஆவது என்று பெயர். இந்தப் பெயர் எப்படி வந்தது?

"பூட்ஸ்" என்ற காலணியின் பின்புறம் இழுத்து மாட்டுவதற்கு ஒரு வார் இருக்கும். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்று இங்கிலீஷில் ஒரு பேச்சு உண்டு. அதாவது, தன் தோளில் தானே ஏறி நிற்பது போன்ற காரியம்!

கம்ப்யூட்டரின் நிலையும் அதுதான். அதற்கு எந்த வேலை செய்யவும் கட்டளை வேண்டும். கட்டளைகள் எல்லாம் டிஸ்க்கில் இருக்கின்றன. டிஸ்க்கைப் படிப்பதற்கும் ஒரு கட்டளை வேண்டுமே! அந்த முதல் கட்டளையை யார் கொடுப்பது?

1975-ல் அமெரிக்காவில் "ஆல்டேர் 8800" என்ற சின்னக் கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. அதை வாங்கியவர்களே முதல் கட்டளையைக் கொடுத்தார்கள். பெட்டியின் முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள் இருந்தன. அவற்றை மேலும் கீழும் தள்ளி, கட்டளைகளை ஒவ்வொன்றாக உள்ளே செலுத்த வேண்டும். கரண்டு நின்றால் எல்லாம் மறந்துபோகும். மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்!

இந்தத் தொல்லை தீர ஒரு வழி கண்டார்கள். முதல் கட்டளைகளை ஒரு சிப்பில் அழியாமல் பதித்து, கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அந்தக் கட்டளைத் தொகுப்பின் பெயர் "பயாஸ்."

1981 ஆகஸ்டு 12-ந் தேதி ஐ.பி.எம். கம்பெனி தன்னுடைய பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதிலும் இந்தச் சிப்பு இருந்தது. சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் தன் உடம்பைத் தானே பரிசோதித்துக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் "பீப்" என்று ஒரு தடவை குரல் கொடுக்கும். இன்றைய கம்ப்யூட்டர்கள் எவ்வளவோ மாறிவிட்டன. "யுஇஎப்ஐ" என்ற புதுவகைத் தொகுப்பு பழைய பயாசின் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் விழிக்கும் முறை அதேதான்.

நான்கு படிகள்

கம்ப்யூட்டர் நான்கு படிகள் ஏறிக் கண் விழிக்கிறது.

முதல் படியில் கரண்டு வர வேண்டும். இரண்டாவது படியில் உடம்பைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது படியில் டிஸ்க்கைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நான்காவது படியில் விண்டோஸ் போன்ற இயக்க முறை டிஸ்க்கில் இருந்து எழுந்து வர வேண்டும்.

ஒரு படி தவறினால் அடுத்த படிக்குப் போக முடியாது. எனவே, கீழ்ப்படியில் இருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். முதல் படியில் கரண்டே வராதபோது, நான்காவது படிக்கு மருந்தான பார்மட்டைப் போட்டு என்ன பயன்?

முதல் படி: கரண்டு வருகிறதா?

பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியவில்லை; விசிறி சுற்றவில்லை. அப்படியானால் கம்ப்யூட்டர் முதல் படியிலேயே நிற்கிறது.

பிளக் பாயிண்டில் கரண்டு வருகிறதா என்று வேறு விளக்கை மாட்டிப் பார்க்க வேண்டும். யு.பி.எஸ். இருந்தால் அதைத் தவிர்த்துவிட்டு, கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பார்க்கலாம். யு.பி.எஸ். பேட்டரி கெட்டிருந்தால், பழி கம்ப்யூட்டர் மேல் விழும்!

பிறகு பெட்டியின் முதுகைப் பார்க்க வேண்டும். பவர் ஒயர் மாட்டும் இடத்தின் பக்கத்தில் பல பெட்டிகளில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். அதில் ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வட்டம். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருக்க வேண்டும். ஆயுத பூஜைக்குத் தூசி தட்டும்போது கை பட்டு வட்டத்தின் பக்கம் சாய்ந்திருந்தால், எத்தனை தடவை பொத்தானை அமுக்கினாலும் பலன் இராது.

இன்னொரு வழியும் உண்டு. பவர் ஒயரைக் கழற்றிவிட்டு, முன்புறப் பொத்தானை 30 வினாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே தேங்கியிருக்கும் மிச்சக் கரண்டு வெளியேறிவிடும். பிறகு ஒயரை மாட்டினால், சில கம்ப்யூட்டர்கள் ஒன்றுமே நடக்காதது போல எழுந்துகொள்ளும்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால், பவர் சப்ளை பெட்டி கெட்டிருக்கலாம். ரிப்பேர் கடைகளில் இதை "எஸ்.எம்.பி.எஸ்." என்பார்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கரண்டை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பது இதன் வேலை. கரண்டு கூடிக் குறையும் ஊர்களில் முதல் அடி இதற்குத்தான் விழும்.

ஜாக்கிரதை! இந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை வீட்டில் யாரும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும். கெட்டுப்போனால் முழுப் பெட்டியையும் மாற்றிவிடுவதே நல்லது. டிஸ்க்கில் உள்ள படங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்த ரிப்பேருக்கு யாராவது பார்மட் போடச் சொன்னால், "எதற்கு?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

இரண்டாவது படி: உடம்பு சோதனை

விசிறி சுற்றுகிறது; விளக்கு எரிகிறது; திரை மட்டும் இருட்டாக இருக்கிறது. இப்போது இரண்டு கேள்விகள். கெட்டது கம்ப்யூட்டரா, திரையா?

இதை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. கீ போர்டின் வலது பக்கத்தில் எண்களுக்கு மேலே "நம்லாக்" என்று ஒரு கீ இருக்கும். அதை அமுக்கினால் ஒரு சின்ன விளக்கு எரிந்து அணையும். அமுக்க அமுக்க விளக்கு மாறினால், கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது! மானிட்டரையும் அதன் கேபிளையும் பார்த்தால் போதும். தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரில், கேபிளை அந்தக் கார்டில்தான் மாட்ட வேண்டும். வேறு துளையில் மாட்டினால் திரை இருட்டாகவே இருக்கலாம்.

விளக்கு மாறவில்லை என்றால், உடம்பு சோதனையில் ஏதோ தோல்வி. அதைக் கம்ப்யூட்டரே "பீப்" ஓசையால் சொல்லும். பல கம்ப்யூட்டர்களில் ஒரு நீண்ட ஓசையும் இரண்டு குறுகிய ஓசையும் வந்தால் கிராபிக்ஸ் கார்டில் தகராறு. ஓசை விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தால் அநேகமாக ரேம் தகராறு. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். எனவே, எத்தனை ஓசை, எது நீளம், எது குறுக்கம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மெக்கானிக்குக்கு அது பெரிய உதவி.

இந்தப் படியில் அதிகமாகத் தொல்லை கொடுப்பது ரேம்தான். சீப்புப் போன்ற சின்னப் பலகை அது. தூசியும் ஈரக் காற்றும் சேர்ந்து அதன் பொன்னிறப் பற்களை மங்கச் செய்துவிடும். ரிப்பேர் கடைகளில் அதைக் கழற்றி, பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துடைத்துத் திரும்ப மாட்டுவார்கள். கம்ப்யூட்டர் உடனே பேசும்!

வீட்டிலும் இதைச் செய்யலாம். ஆனால், பிளக்கைப் பிடுங்கிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். ரேமைத் தொடும் முன்பு பெட்டியின் இரும்புப் பாகத்தை ஒரு தடவை தொட வேண்டும். நம் உடம்பில் உள்ள மின்னூட்டம் ரேமைக் கெடுத்துவிடும் என்பதே காரணம். இரண்டு ரேம் இருந்தால், ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து எது குற்றவாளி என்று கண்டுபிடிக்கலாம்.

மதர் போர்டில் 10 பைசா நாணயம் போல ஒரு பேட்டரி தெரியும். அதன் பெயர் சி.ஆர். 2032. கரண்டு இல்லாதபோது தேதியையும் மணியையும் காப்பாற்றுவது அதுதான். தேதி பல வருடம் பின்னால் போய்விட்டால், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் 3 வோல்ட் பேட்டரி அது. அதை மாற்றினாலே பல கம்ப்யூட்டர்கள் சரியாகிவிடும்.

கம்ப்யூட்டரின் முதல் கட்டளையையே ஒரு வைரஸ் அழித்த கதையும் உண்டு. 1999 ஏப்ரல் 26-ந் தேதி "செர்னோபில்" என்று பெயர் பெற்ற வைரஸ் பல நாடுகளில் விழித்துக்கொண்டது. விண்டோஸ் 95, 98 கம்ப்யூட்டர்களில் புகுந்து, டிஸ்க்கின் ஆரம்பப் பகுதியை அழித்தது. பல கம்ப்யூட்டர்களில் பயாஸ் சிப்பையும் அழித்துவிட்டது. பொத்தானை அமுக்கினாலும் என்ன செய்வது என்றே அவற்றுக்குத் தெரியவில்லை! சிப்பை மாற்றிய பிறகுதான் அவை எழுந்தன.

மூன்றாவது படி: டிஸ்க் எங்கே?

திரையில் கம்பெனியின் பெயர் வருகிறது. பிறகு, "நோ பூட்டபிள் டிவைஸ்" என்றோ, "ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் பவுண்ட்" என்றோ எழுத்து வருகிறது. "எழுப்ப வேண்டிய டிஸ்க்கைக் காணவில்லை" என்பதே இதன் பொருள்.

இதைப் பார்த்ததும் பயப்பட வேண்டியதில்லை. முதலில், பென் டிரைவ் ஏதாவது சொருகி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் டிஸ்க்கை விட்டுவிட்டுப் பென் டிரைவில் தேடிக்கொண்டிருக்கும்! அதைப் பிடுங்கிவிட்டுத் திரும்பப் போட்டால் போதும்.

அடுத்து, பயாஸ் பக்கத்தைத் திறந்து, டிஸ்க்கின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரைப் போட்டதும் "டெலிட்" அல்லது "எப்2" கீயைத் தட்டினால் பல கம்ப்யூட்டர்களில் இந்தப் பக்கம் வரும். பெயர் தெரிந்தால், எதை முதலில் தேடுவது என்ற வரிசை மட்டும் மாறியிருக்கலாம். தெரியாவிட்டால், டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி மாட்ட வேண்டும்.

டிஸ்க்கில் இருந்து "டிக்... டிக்..." என்று தட்டும் ஓசை வருகிறதா? அப்படியானால் உடனே நிறுத்திவிட வேண்டும்! பழைய வகை டிஸ்க்கில், நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றும் தட்டுகள் இருக்கின்றன. படிக்கும் முனை தட்டின் மேல் படாமல் மிதந்து போக வேண்டும். முனை கெட்டுவிட்டால் ஒவ்வொரு தடவை போடும்போதும் தட்டில் கீறல் விழலாம். "இன்னும் ஒரு தடவை பார்ப்போம்" என்ற ஆசைதான் படங்களுக்கு எமன்.

நான்காவது படி: விண்டோஸ் வரவில்லை

விண்டோஸ் சின்னம் வருகிறது, வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அல்லது நீலத்திரை வந்து, திரும்பத் திரும்ப ஆரம்பிக்கிறது. கம்ப்யூட்டரின் உடம்பு அநேகமாக நன்றாக இருக்கிறது. டிஸ்க்கில் எழுதியிருக்கும் விண்டோசில்தான் கோளாறு.

இதற்கு உலகம் முழுவதும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு.

2024 ஜூலை 19-ந் தேதி. இந்திய நேரம் காலை 9.39 மணி. "கிரவுட்ஸ்டிரைக்" என்ற பாதுகாப்புக் கம்பெனி, தன் சாப்ட்வேருக்கு ஒரு புதிய பைலை அனுப்பியது. பைலில் பிழை இருந்தது. அதை வாங்கிய கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி விழுந்தன, எழுந்தன, மறுபடி விழுந்தன.

78 நிமிடத்தில் அந்தப் பைலை வாபஸ் வாங்கினார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன என்று மைக்ரோசாப்ட் கம்பெனி கணக்கிட்டது. விமானங்கள் நின்றன. ஆஸ்பத்திரிகளிலும் பாங்குகளிலும் வேலை தடைப்பட்டது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

அந்தக் கம்ப்யூட்டர்களை எப்படிச் சரி செய்தார்கள்? 85 லட்சத்துக்கும் பார்மட் போட்டார்களா? இல்லை. "சேப் மோட்" என்ற முறையில் எழுப்பினார்கள். அத்தியாவசியமான பாகங்களோடு மட்டும் விண்டோஸ் எழுவதற்கு அந்தப் பெயர். பிழையான அந்த ஒரு பைலை அழித்தார்கள். திரும்பப் போட்டதும் கம்ப்யூட்டர் எழுந்தது. உள்ளே இருந்த மற்ற பைல்கள் அப்படியே இருந்தன.

ஒரு பைலை அழித்தால் தீரும் கோளாறுக்கு, டிஸ்க் முழுவதையும் அழிக்க வேண்டுமா?

வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இந்த வழி இருக்கிறது. விண்டோஸ் 10, 11 ஆகியவை சில தடவை எழ முடியாமல் போனால் ரிப்பேர் பக்கத்தைத் தாமாகவே காட்டும். அதில் "ஸ்டார்ட்அப் ரிப்பேர்" என்பதை முதலில் பார்க்கலாம். புதிதாக அப்டேட் ஏறிய மறுநாள் தொல்லை வந்தால், "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" என்பதைப் பார்க்கலாம்.

அங்கே "ரீசெட்" என்றும் ஒன்று இருக்கும். அதில் இரண்டு வழிகள். "கீப் மை பைல்ஸ்" என்றால் சொந்தப் பைல்கள் இருக்கும். தனியாகப் போட்ட சாப்ட்வேர்கள் போய்விடும். "ரிமூவ் எவ்ரிதிங்" என்றால் எல்லாமே போய்விடும். அவசரத்தில் இரண்டாவதைத் தட்டிவிட்டு அழுதவர்கள் உண்டு.

48 எண் கொண்ட சாவி

கிரவுட்ஸ்டிரைக் சம்பவத்தின்போது பல ஆபீசுகள் இன்னொரு இடத்திலும் மாட்டிக்கொண்டன. டிஸ்க் "பிட்லாக்கர்" என்ற பூட்டுப் போட்டுப் பூட்டப்பட்டிருந்தது. அதைத் திறக்க 48 எண்கள் கொண்ட சாவி வேண்டும். சாவி எங்கே என்று தேடவே நேரம் போதவில்லை!

பல புதிய கம்ப்யூட்டர்களில், வீட்டுக்காரருக்குத் தெரியாமலே இந்தப் பூட்டு விழுந்திருக்கிறது. மைக்ரோசாப்ட் கணக்கு வைத்து உபயோகிப்பவர்களுக்குச் சாவி அநேகமாக அந்தக் கணக்கிலேயே இருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அதைப் பார்த்து, நோட்டில் எழுதி, பீரோவில் வைத்துவிட வேண்டும். சாவி இல்லாவிட்டால் எந்த மெக்கானிக்காலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது.

கடையில் கேட்க வேண்டியவை

எல்லா ரிப்பேரையும் வீட்டிலேயே செய்ய முடியாது. கடைக்குப் போகலாம். ஆனால், எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லத் தெரிந்துகொண்டு போக வேண்டும். "ஓடவில்லை" என்பதற்கும், "விசிறி சுற்றுகிறது, மூன்று பீப் வருகிறது, திரை வரவில்லை" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

பெட்டியை ஒப்படைக்கும்போது ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: "உள்ளே எங்கள் படங்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்து வைக்காமல் பார்மட் போடக் கூடாது." அதை ரசீதிலும் எழுதி வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

எழாத கம்ப்யூட்டரில் இருந்து படங்களை எடுக்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் முடியும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, பைல்களைப் பிரதி எடுக்கலாம். பென் டிரைவில் "லினக்ஸ்" போட்டு, அதைக்கொண்டு கம்ப்யூட்டரை எழுப்பியும் எடுக்கலாம். பார்மட் போட்டு, அதன் மேல் புதிதாக எழுதிய பிறகு திரும்பப் பெறுவதுதான் கஷ்டம்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. மாதம் ஒரு நாள், முக்கியமான படங்களையும் கணக்குகளையும் தனி டிஸ்க்கில் பிரதி எடுத்து, கேபிளைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ். கெட்டால் வேறு வாங்கலாம். ரேம் கெட்டாலும் வாங்கலாம். கம்ப்யூட்டரே கெட்டாலும், பணம் சேர்த்து இன்னொன்று வாங்கலாம். குழந்தையின் முதல் பிறந்த நாள் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.